கேமரன் மலையில் ஓர் ஆள் குறைந்த மாலை

போன மாதம் கவிதா வேலூரிலிருந்து போன் செய்தார். நான் வேலை பார்த்த சுற்றுலாக் கம்பெனியில் எனக்குப் பின் சேர்ந்தவர். இப்போது வெளிநாட்டுக் குழுக்களை அழைத்துப் போகும் பொறுப்பு அவருடையது. இனிமேல் பயணிகள் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு பட்டை கட்டப் போகிறார்களாம். யார் எங்கே நிற்கிறார் என்பது போனில் புள்ளியாகத் தெரியுமாம்.

"உங்க காலத்துல ஆள் காணாம போனா இன்னாண்ணா பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

"தேடுவோம்."

"அது எங்களுக்கும் தெரியும். எப்படித் தேடுவீங்கன்னு எழுதிக் குடுங்க. ஆபீஸ்ல எல்லாரும் படிக்கட்டும்."

வேலையிலிருந்து விலகி ஜமுனாமரத்தூரில் குடியிருக்கிறேன். தினமும் டைரி எழுதுகிறவன். கேமரன் மலைக்குப் போன அன்றைய பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். 'ஓர் ஆள் குறைந்தது. கிடைத்தது' என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அதற்கு மேல் எழுத அன்றைக்குக் கை வரவில்லை போலிருக்கிறது. ஆகவே இது நினைவிலிருந்து எழுதுவது. பேசிய வார்த்தைகள் முன்பின் இருக்கலாம். நடந்தது நடந்தபடிதான்.

முதலில் அந்தக் காலத்துப் பயணங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் கணியம்பாடிக்காரன். படிப்பு முடிந்து, டிக்கெட் எழுதுகிறவனாகச் சேர்ந்து, விசா வேலை பழகி, குழுவோடு போகிற உதவியாளனாக ஆவதற்குள் மீசை அடர்ந்துவிட்டது. எங்கள் பயணிகள் போளூர், ஆரணி, கணியம்பாடிப் பக்கத்து ஆட்கள். ஓய்வு பெற்ற வாத்தியார்கள், அரிசி மண்டிக்காரர்கள், பிள்ளைகள் அனுப்பி வைத்த அம்மா அப்பாக்கள். பெரும்பாலானவர்களுக்கு அதுதான் முதல் விமானம். கூடவே எங்கள் சமையல் மாஸ்டர் வருவார். அவருடைய பெட்டியில் புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, அப்பளம் எல்லாம் இருக்கும். சிங்கப்பூர் ஓட்டல் அறையில் ரைஸ் குக்கரை வைத்து, புகை மணி அடிக்காமல் தாளிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான் என்று நாங்கள் கிண்டல் செய்வோம். பஸ்ஸில் பாட்டு நிற்காது. ஐரோப்பாவில் பனியைக் கையில் அள்ளிய மண்டிக்காரர் ஒருவர், "இத ஊருக்கு எடுத்துனு போவ முடியாதாப்பா?" என்று என்னிடம் உண்மையாகவே கேட்டார். எனக்கு அப்போது இளமை. அவர்களோடு சேர்ந்து நானும் எல்லாவற்றையும் முதல் தடவை பார்த்துக்கொண்டிருந்தேன். சம்பளம் வாங்கிக்கொண்டு ஊர் சுற்றுகிறோம் என்ற கூச்சம்கூட இருந்தது.

அந்தக் கூச்சத்தைப் போக்கியவர் என் மேலாளர் தேவராஜ் சார். "நாம சுத்தறதுக்கு வர்றதில்ல சேகர். திருப்பிக் கூட்டினு போறதுக்கு வர்றோம்" என்பார்.

தேவராஜ் சார் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. எங்கே போனாலும் சாம்பல் நிற சபாரி உடை. பஸ்ஸில் எப்போதும் கடைசி இருக்கை. முன்னால் உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் நடப்பது தெரியாது என்பது அவர் கணக்கு. தலையை எண்ணவே மாட்டார். "ஆடா மாடா, எண்றதுக்கு?" என்று கேட்பார். அதற்குப் பதிலாக ஒரு முறை வைத்திருந்தார். பயணம் கிளம்பும்போதே ஒவ்வொருவருக்கும் ஒரு சோடி. பஸ்ஸில் ஏறியதும் தான் வந்துவிட்டதாக யாரும் சொல்லக் கூடாது. தன் சோடி வந்தாச்சா என்பதைத்தான் சொல்ல வேண்டும். புருஷன் பெண்சாதியைச் சோடியாகப் போடவே மாட்டார். ஒருவரை ஒருவர் பார்க்காமலே 'இங்கதான் இருப்பாரு' என்று சொல்லிவிடுவார்கள் என்பார். அது எவ்வளவு சரி என்பதைப் பிறகு பார்த்தேன்.

இன்னொன்று அவருடைய தோல் பை. எல்லோருடைய பாஸ்போர்ட்டும் அதற்குள் இருக்கும். குறுக்கே மாட்டியபடியே சாப்பிடுவார், தலைக்கு வைத்துத் தூங்குவார். ஒவ்வொரு பயணத்திலும் சென்னை விமான நிலையத்தில் எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்து, அதே மெல்லிய குரலில் சொல்லுவார்:

"இது உங்க உயிரு. என்கிட்ட குடுத்துட்டு நீங்க ஜாலியா இருங்க. ஆனா ஒண்ணு. இது கையில இல்லாம தனியா சுத்தினீங்கன்னா அந்த ஊரு போலீஸ் புடிச்சி உள்ள வெச்சிடும். அதனால என்ன வுட்டு நகராதீங்க."

எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்தாலும் நகரமாட்டார்கள். அப்போது எல்லாக் கம்பெனிகளிலும் அதுதான் வழக்கம்.

மலேசியாக் குழுவில் அந்த வருடம் ஒரு மலைக்குடும்பமும் சேர்ந்தது. நெல்லிவாசல்நாட்டிலிருந்து சின்னக்காளி, அவர் மனைவி வெள்ளச்சி. ஐம்பதைத் தாண்டியவர்கள். சாமை விதைக்கிறவர்கள், புளி உலுக்குகிறவர்கள்; சின்னக்காளி தேனும் எடுப்பார். சென்னையில் நர்ஸாக இருந்த அவர்களுடைய மகள்தான் அனுப்பினாள். சின்னக்காளிக்கு இளைப்பு நோய் இருந்தது. மூச்சு இழுக்கும்போது வாயில் வைத்து அழுத்துகிற மருந்துக் குப்பியை அம்மா கையிலேயே வைத்திருக்க வேண்டும் என்று மகள் என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தாள். "குளிர்ல, பயத்துல சட்டுன்னு வந்துடும் சார். குப்பி இல்லன்னா ரொம்ப நேரம் தாங்க மாட்டாரு."

பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸ்காரர் மலைக்குப் போன அன்று, கையெழுத்து வாங்க நானும் அதே ஜீப்பில் போனேன். வீட்டு வாசலில் வெள்ளச்சி மட்டும் நின்றிருந்தார்.

"எங்கம்மா வூட்டுக்காரரு?"

"கொல்லைக்கிப் போயிருக்குதுங்க."

கொல்லை அடுத்தாற்போலத்தான். சாமை இடுப்பளவு நின்றது. ஆளைக் காணோம். போலீஸ்காரர் இரண்டு தரம் பேர் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு கதிர்கூட ஆடவில்லை. அவர் நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு காப்பி கேட்டார். காப்பி பாதி ஆனபோது, சாமைக் கதிர் தலையில் ஒட்டியிருக்க, சின்னக்காளி வேறு பக்கமாக வந்து நின்றார்.

"மலேசியா போற ஆளு, காக்கியப் பாத்ததும் கொல்லையில பூந்துக்கறியே? அங்க போய் இன்னா பண்ணுவ?" என்றார் போலீஸ்காரர்.

"அங்க காக்கி கீதாங்க?" என்று கேட்டார் சின்னக்காளி. எல்லோரும் சிரித்தோம்.

அந்த மலையில் அது சின்ன வயதிலேயே வருகிற பழக்கம். விறகுக்குப் போனாலும் தேனுக்குப் போனாலும் காட்டில் சீருடை தெரிந்தால், விசில் கேட்டால், நின்ற இடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். தப்பு செய்தோமா இல்லையா என்பதெல்லாம் அப்புறம். இதை அன்றைக்கு நான் ஒரு வேடிக்கையாகத்தான் பார்த்தேன்.

சோடி போடும்போது சின்னக்காளியும் வெள்ளச்சியும் வேறு யாரோடும் சேர மறுத்துவிட்டார்கள். சின்னக்காளிக்குப் போளூர் வாத்தியாரோடு பேசக் கூச்சம். வெள்ளச்சிக்கு வேறு ஆம்பிளையைச் சோடி என்று சொல்லவே கூச்சம். "நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா இருந்துக்கறோங்க" என்றார் வெள்ளச்சி. தேவராஜ் சார் தன் பழக்கத்தை அந்த ஒரு தடவை தளர்த்தினார்.

கோலாலம்பூரில் இரண்டு நாள் நன்றாகப் போயிற்று. உயரமான கட்டடங்களைச் சின்னக்காளி பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. நகரும் படிக்கட்டில் ஏறமாட்டேன் என்று வெள்ளச்சி அடம்பிடித்து, பின் ஏறி, இறங்கி, மறுபடி ஏறினார். பிறகு பஸ் கேமரன் மலைப் பக்கம் திரும்பியது. வளைவுகள் ஆரம்பித்ததும் மண்டிக்காரர்கள் வாந்தி எடுக்க, சின்னக்காளி ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது நம்ம மலை மாதிரி கீது" என்றார். அந்தப் பயணத்தில் அவராக வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

தேயிலைத் தோட்டத்துக்கு மேலே ஒரு காட்டுப்பாதை இருக்கிறது. மரமெல்லாம் பாசி போர்த்திக்கொண்டு நிற்கும். கொஞ்ச தூரம் நடந்து திரும்புவதுதான் திட்டம். மதியம் தாண்டிப் போனோம். வெயில் இருந்தது. திரும்பும்போது மூடுபனி இறங்கியது. எல்லோரும் அவசரமாகப் பஸ்ஸுக்கு வந்து ஏறினார்கள். நான் படியில் நின்று கேட்டேன். "என் சோடி வந்தாச்சு", "என் சோடி வந்தாச்சு" என்று வரிசையாகக் குரல் வந்தது. வெள்ளச்சியும் சொன்னார். சொல்லிவிட்டுத்தான் பக்கத்து இருக்கையைப் பார்த்தார். காட்டில் அவர் குழுவில் இருந்த டீச்சரம்மாவோடு பேசிக்கொண்டு முன்னால் வந்துவிட்டிருந்தார்.

"பின்னால குந்திருக்குதோ இன்னாவோ" என்று எழுந்து கடைசிவரை நடந்து பார்த்தார். திரும்பி வரும்போது முகம் மாறியிருந்தது. "தம்பி, எங்கூட்டுக்காரர் இல்ல."

குப்பி அவர் மடியில் இருந்த பையில் இருந்தது.

நானும் வெள்ளச்சியும் பாதையில் திரும்ப ஓடினோம். கூப்பிட்டேன். பனிக்குள் என் குரல் கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் வெள்ளச்சி நின்றுவிட்டார். நாங்கள் வந்த பாதையின் குறுக்கே, இலை வாடாத ஒரு கிளை கிடந்தது. தோட்ட வேலைக்காரர்கள் வெட்டிப் போட்டு, இழுத்துப்போகாமல் விட்டது. வரும்போது அதைத் தாண்டித்தான் எல்லோரும் வந்தோம். யாரும் கவனிக்கவில்லை.

"இது வழி அடைப்பு" என்றார் வெள்ளச்சி.

"இன்னாம்மா?"

"கடுக்கா பொறுக்கப் போனா, முன்னால போறவங்க இப்படித்தான் போடுவாங்க. இந்த வழில நாங்க போவல, நீ அந்தால வான்னு அர்த்தம். அது இதப் பாத்திருக்கும். நாமதான் போட்டுட்டுப் போனோம்னு நெனச்சிருக்கும்."

இன்னொரு பாதை சரிந்து கீழே போயிற்று. ஓரத்தில் நாரும் வேருமாய்ப் பள்ளம். கொஞ்ச தூரம் இறங்கினோம். பனி கண்ணை மறைத்தது. வழுக்கியதில் நான் கையை ஊன்ற, ஊன்றிய இடம் பாசி; முழங்கைவரை உள்ளே போயிற்று. இதற்கு மேல் நாங்கள் இருவர் மட்டும் போவது சரியில்லை என்று புரிந்தது. வெள்ளச்சியை இழுக்காத குறையாக மேலே கூட்டி வந்தேன்.

பஸ்ஸருகே தேவராஜ் சார் நின்றிருந்தார். வனக்காவலர்களுக்குத் தோட்டத்து அலுவலகத்திலிருந்து போன் போட்டிருந்தார்.

"வர்றாங்க. ஆனா பஸ்ஸ அனுப்பணும் சேகர். டீச்சரம்மாவுக்கு நடுக்கம் நிக்கல. இருட்டினா இந்த வளைவுல ஓட்ட மாட்டேன்றான் டிரைவர்."

"அனுப்புங்க சார். நான் நிக்கறேன்."

"நீ நின்னு இன்னா பண்ணுவ? காவலருங்க பாத்துப்பாங்க. அந்தம்மாவையும் ஏறச் சொல்லு."

வெள்ளச்சி பஸ்ஸைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நான் வர்ல. நீங்க போங்க" என்றார்.

தேவராஜ் சார் என்னைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியில் பனி படர்ந்திருந்தது, துடைக்கவில்லை.

"சரி. நீ இரு. குழுவ நான் எறக்கிட்டு, வேற வண்டி அனுப்பறேன்."

"அவங்க ரெண்டு பேரு பாஸ்போர்ட்டையும் குடுத்துட்டுப் போங்க சார்."

அவர் கை பைமேல் இறுகியது. "மழையில நனஞ்சிடும். எங்கனா உழுந்துடும்."

"அவரு கெடச்சா, யாருன்னு கேப்பாங்க சார்."

"நான் வந்து காட்டறேன்."

"குடுங்க சார்."

அவரிடம் அப்படிப் பேசியது அதுவே முதல் முறை. பஸ்ஸுக்குள் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். "இத்தன வருஷத்துல ஒருத்தர் உயிரையும் நான் தொலைச்சதில்ல" என்றார் அவர். பாஸ்போர்ட்டைத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். பிறகு பையைத் திறந்து இரண்டையும் எடுத்து, முறுக்கு வைத்திருந்த பிளாஸ்டிக் கவரைக் காலி செய்து, அதற்குள் சுற்றிக் கொடுத்தார். பஸ் போயிற்று.

காவலர்கள் மூன்று பேர் வந்தார்கள். சீருடை மழைக்கோட்டு, தொப்பி, பூட்ஸ், கையில் பெரிய டார்ச், கழுத்தில் விசில். அவர்களுக்குத் தலைவர் தமிழர். மணியம் என்று பெயர். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர் என்று பிறகு சொன்னார். நான் விவரம் சொன்னேன். தமிழ்நாட்டுக் குழு, வயசு இவ்வளவு, இளைப்பு உண்டு, மருந்து எங்களிடம் இருக்கிறது.

"இளைப்பா? அப்ப நிக்க நேரமில்ல" என்று முன்னால் நடந்தார்.

சரிவுப் பாதையில் இறங்கினோம். இன்னும் முழுக்க இருட்டவில்லை. பனிக்குள் வெளிச்சம் சாம்பலாக இருந்தது. காவலர்கள் மூன்று டார்ச்சையும் இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டு, விட்டு விட்டு விசில் ஊதினார்கள். இடையிடையே மணியம் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். விசில் நின்றதும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்போம். இலைகளிலிருந்து நீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும். மறுபடி நடப்போம். பள்ளத்தின் பக்கம் டார்ச் போகும்போதெல்லாம் நான் அதைப் பார்க்காமல் வெள்ளச்சியைப் பார்த்தேன். அவர் அங்கே பார்க்கவேயில்லை. தரையைப் பார்த்தபடி வந்தார்.

ஓரிடத்தில், விசிலுக்கும் அடுத்த விசிலுக்கும் நடுவே, எனக்கு ஒரு சத்தம் கேட்டது. பழைய கதவு மெல்லத் திறப்பது போல ஓர் இழுப்பு. வெள்ளச்சிக்கும் கேட்டிருக்க வேண்டும். என் கையைப் பிடித்தார். கீழேயிருந்துதான் வந்தது, மிகப் பக்கத்திலிருந்து. மணியம் உடனே அந்தப் பக்கம் டார்ச்சைத் திருப்பி விசிலை ஊதினார். சத்தம் நின்றுவிட்டது.

மூச்சு இழுக்கிற மனிதனுக்கு அந்தச் சத்தம் தானாக நிற்காது. வாயைத் துணியால் பொத்தினால்தான் நிற்கும்.

"ஊதாதீங்க" என்றார் வெள்ளச்சி.

"ஏம்மா? அவருக்குக் கேக்கணும்ல?" என்றார் மணியம்.

"கேக்குது. அதனாலதான் வர்ல."

மணியத்துக்குப் புரியவில்லை. எனக்குச் சாமைக் கொல்லை ஞாபகம் வந்தது. அதோடு விமான நிலையத்தில் வட்டமாக நின்றவர்களும், தேவராஜ் சாரின் மெல்லிய குரலும். கையில் பாஸ்போர்ட் இல்லை. தனியாக இருக்கிறார். சீருடை, டார்ச், விசில். சின்னக்காளி தொலைந்து போனவராக அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. பிடிபடப் போகிறவராக உட்கார்ந்திருந்தார். மூச்சையும் அடக்கிக்கொண்டு.

"சார், டார்ச்ச அணைக்கச் சொல்லுங்க. கோட்டையும் தொப்பியையும் கழட்டுங்க. அப்புறம் சொல்றேன்" என்றேன்.

மணியம் என்னை ஒரு கணம் பார்த்தார். பனியில், பள்ளத்தின் ஓரத்தில், வெளிச்சத்தை அணை என்று ஒருவன் சொன்னால் யார் கேட்பார்கள்? அவர் கேட்டார். மற்ற இருவரிடம் அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார். டார்ச்சுகள் அணைந்தன. கோட்டைக் கழற்றிச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டார்.

மூச்சுச் சத்தம் இல்லை. பொத்திக்கொண்டிருக்கிறாரா, நின்றேவிட்டதா என்பது தெரியவில்லை.

வெள்ளச்சி கூப்பிட்டார். புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் அவருக்கு இல்லை. அதனால் அது கூப்பிடுவதாக இல்லை, திட்டுவதாக இருந்தது.

"யோவ்! எங்க குந்தினு கீற? இங்க யாரும் புடிக்க வர்ல. நம்ம கணியம்பாடித் தம்பிதான் நிக்குது. மருந்து என் கையில கீது. மூச்ச அடக்கினு எத்தினி நேரம் குந்துவ? அடையத் தேடினு பூந்தியா? ஊர்ல தேன் இல்லன்னா இவ்ளோ தூரம் வந்த? பொண்ணு போன் பண்ணுவா, நான் இன்னா சொல்லுவேன், உங்கப்பன் காட்டுல குந்திக்கினான்னா சொல்லுவேன்?"

ஒன்றும் இல்லை.

வெள்ளச்சியின் குரல் இறங்கியது. "வாய்யா" என்றார். "உன் பொஸ்தகத்த வாங்கினு வந்துட்டேன். தம்பி கையில கீது."

கீழே பெரணிச் செடிகள் அசைந்தன. பாதைக்கு அவ்வளவு பக்கத்தில். கையை நீட்டினால் எட்டுகிற தூரம். துண்டை வாயிலிருந்து எடுத்ததும் அடைத்து வைத்திருந்த இருமல் மொத்தமும் வெளியே வந்தது. நான் குதித்து இறங்கினேன். உதடு நீலம் பாய்ந்திருந்தது. தோளைப் பிடித்து நிமிர்த்தி உட்காரவைத்தேன். வெள்ளச்சி குப்பியை அவர் வாயில் வைத்து அழுத்தினார், மறுபடி அழுத்தினார். நெஞ்சு ஏறி இறங்க ஆரம்பித்தது.

அப்போதுதான் அவர் மணியத்தைப் பார்த்தார். கோட்டு இல்லாவிட்டாலும் பூட்ஸ் இருந்தது. எழுந்திருக்க முயன்றார். மணியம் ஈரத் தரையில் அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"உக்காருங்க ஐயா. நானும் உக்கார்றேன். மூச்சு வரட்டும். அவசரம் இல்ல."

நான் கவரைப் பிரித்துப் பாஸ்போர்ட்டைச் சின்னக்காளி கையில் கொடுத்தேன். அவர் அதைத் திறந்து தன் படத்தைப் பார்த்தார். பிறகு சட்டைக்கு உள்ளே, உடம்போடு ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டார்.

ஓட்டல் வாசலில் தேவராஜ் சார் நின்றுகொண்டிருந்தார். சபாரி உடை ஈரமாகவே இருந்தது, மாற்றியிருக்கவில்லை. சின்னக்காளி இறங்குவதைப் பார்த்து அவர் சொன்னது, "சாப்பாடு சூடா இருக்கு" என்பது மட்டும்தான். எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். டீச்சரம்மா வெள்ளச்சியைக் கட்டிக்கொண்டு அழுதார். கூட்டம் கலைந்த பிறகு, தேவராஜ் சார் வழக்கம்போலப் பையைத் திறந்து கையை நீட்டினார்.

"வாணாங்க" என்றார் சின்னக்காளி.

"இன்னா வாணாம்?"

"என்கிட்டயே இருக்கட்டும்."

"தொலைச்சிட்டீங்கன்னா?"

"தொலைச்சா நான் தொலைச்சதா இருக்கட்டுங்க."

சார் என்னைப் பார்த்தார். நான் வெள்ளச்சியின் பாஸ்போர்ட்டையும் கவரிலிருந்து எடுத்து அந்தம்மாவிடமே கொடுத்தேன். சார் பையை மூடிவிட்டு, சமையல் மாஸ்டரிடம் வெந்நீர் போடச் சொன்னார்.

மறுநாள் காலை எல்லோரும் கடைவீதிக்குக் கிளம்பினார்கள். சின்னக்காளி என்னிடம் வந்து நின்றார்.

"தம்பி, நான் ஒருக்கா அங்க போய்ட்டு வர்றேன்."

"எங்க?"

"அந்தக் காட்டுக்குத்தான். மரத்துல அடை ஒண்ணு இருந்திச்சி. ஈ நம்மூரு ஈ மாதிரி இல்ல. அதப் பாத்துனு நின்னுதான் பின்னால தங்கிட்டேன். சரியாப் பாக்கல."

அவர் பின்னால் வெள்ளச்சி தலையில் அடித்துக்கொண்டார். பிறகு குப்பியை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, "நானும் போறேன் தம்பி. வுட்டா திரும்ப எங்கனா குந்திக்கும்" என்றார்.

கூடப் போக எனக்கு வழியில்லை. கடைவீதிக் குழு என் பொறுப்பில் இருந்தது. போகக் கூடாது என்று சொல்வது என் கையில்தான் இருந்தது. சொல்லியிருந்தால் அவர் கேட்டிருப்பார். பேசாமல் அறைக்குப் போய், பெட்டியைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்த மலையைப் பற்றி அவரிடம் மிஞ்சுவது அந்தப் பெரணிப் புதராகத்தான் இருந்திருக்கும்.

"மதியச் சாப்பாட்டுக்கு வந்துடுங்க" என்றேன்.

தேயிலைத் தோட்டத்து வேன் ஒன்றில் ஏற்றிவிட்டேன். தேவராஜ் சார் மாடி வராந்தாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கீழே வந்து என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் வரவில்லை.

கடைவீதியில் அன்றைக்கு நான் என்ன பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சாப்பாட்டுக்கு எல்லோரும் திரும்பினார்கள். சோடிகள் சரியாக இருந்தன. அந்த இருவர் மட்டும் வரவில்லை. மாஸ்டர் பந்தியை முடித்துப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தார். நான் வாசலுக்கு வந்தேன். தேவராஜ் சார் எனக்கு முன்னாலேயே அங்கே நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மலையின் மேல்பக்கம் மறுபடி பனியில் வெளுக்க ஆரம்பித்திருந்தது.

வேன் வளைவில் திரும்பியபோது சார் மூச்சை விட்டது எனக்குக் கேட்டது.

முதலில் வெள்ளச்சி இறங்கினார். பிறகு சின்னக்காளி.

"இன்னாங்க இவ்ளோ நேரம்?" என்றார் தேவராஜ் சார். அவர் குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

"அவர பாத்தேங்க. நேத்து டார்ச்சு வெச்சினு இருந்தாரே, அவரு. யூனிபாரம் டிரெஸ்ஸோட நின்னினு இருந்தாரு." சின்னக்காளி சட்டைக்குள் கையை விட்டுக் காட்டினார். "நானே போய் இத எடுத்து நீட்டுனேன். வாங்கவே இல்ல."

"அப்புறம்?"

"எந்த ஊருன்னு கேட்டாரு. நெல்லிவாசல்னேன். அது எங்க கீதுன்னாரு. குந்தி சொல்லினு இருந்தேன். அதான் நேரமாய்ட்டுது."